விலை விழுவதற்கு முந்தைய நாள்

அத்தியாயம் 9

“பேரைச் சொல்ல வேண்டாம் சார்,” என்றார் அண்ணி. “தலையை மட்டும் ஆட்டுங்க.”

பங்குத் தரகர் ஆட்டினார், இடமும் வலமுமாக. முக்கால் மணி நேரமாக அதையேதான் செய்துகொண்டிருந்தார். வாடிக்கையாளர் ரகசியம், ஒப்பந்தம், சட்டம் என்று மூன்று வார்த்தைகளை மாற்றி மாற்றிப் போட்டு எங்களைக் கொன்றுகொண்டிருந்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒன்பது நாளாக அலைகிறோம். அண்ணி காப்பீட்டுக் கம்பெனியில் பதினொரு வருடம் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்துக்கொண்டிருந்தவர், பொறுமை பழகியவர். நான் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்து மூடியவன். எனக்குப் பொறுமை இருந்திருந்தால் கடையே இருந்திருக்கும்.

வழக்கு இதுதான். ‘கூடம்’ என்று ஒரு சமூக வலைத்தளக் கம்பெனி. மூன்று மாதத்துக்கு ஒரு முறை, ஒரு வெள்ளிக்கிழமையன்று, தினமும் எத்தனை பேர் அதில் வந்துபோகிறார்கள் என்று ஓர் எண்ணை வெளியிடுவார்கள். எண் ஏறினால் பங்கு விலை ஏறும். எண் இறங்கினால் விலை தலைகுப்புற விழும். கம்பெனி என்ன சம்பாதித்தது, என்ன செலவழித்தது என்பதெல்லாம் சந்தைக்கு அப்புறம்தான். அந்த எண் அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை ஒரு பூட்டிய அறையில் முடிவாகும். ஏழு பேருக்கு மட்டுமே தெரியும். ஆனால் கடந்த மூன்று முறையும் புதன்கிழமை காலையிலேயே விலை சரியான பக்கமாக நகர ஆரம்பித்துவிட்டது.

யாரோ வெளியே சொல்கிறார்கள் என்று கம்பெனி முடிவு கட்டியது. கணக்கெடுப்புப் பிரிவில் இருக்கும் பெண்ணைப் பிடித்துக்கொண்டது. ஒரு வருடமாக எண்ணைக் கூட்டிக் கொண்டுவருபவள் அவள். அறையை விட்டு நடுவில் எழுந்து போய் வந்தவளும் அவள் ஒருத்திதான். ஒரு மாதமாக சஸ்பெண்ட். எங்களிடம் வந்து கையைப் பிசைந்துகொண்டு நின்ற எங்கள் கட்சிக்காரி அவள்தான்.

இன்று மறுபடியும் அந்தச் செவ்வாய்க்கிழமை. அவள் இல்லாமல் மீதி ஆறு பேர் பதினோரு மணிக்கு அறைக்குள் போய்விட்டார்கள். வெளியே வந்ததும் முதலாளி போடப்போகிற முதல் கையெழுத்து அவள்மேல் போலீஸ் புகாருக்கு. புகார் டைப் அடித்துத் தயாராக இருந்தது. மிஞ்சிப்போனால் ஒரு மணிக்கு வந்துவிடுவார்கள் என்று சொல்லியிருந்தார் பாதுகாப்பு அதிகாரி. இப்போது மணி பன்னிரண்டரை.

எங்கள் கையில் இருந்தது ஒரே ஒரு நூல். மூன்று புதன்கிழமையும் முதல் உத்தரவு போனது இந்தத் தரகர் மூலமாக, அதுவும் ஒரே வாடிக்கையாளரிடமிருந்து. அந்த ஆள் யார் என்று தெரிந்தால் அவனுக்குச் சொன்னவன் யார் என்பது தெரிந்துவிடும்.

“நீங்க எவ்வளவு நேரம் உக்காந்தாலும் இதான் பதில், மேடம்,” என்றார் தரகர்.

“சரி சார். உங்க தொழில் தர்மத்தை நான் மதிக்கிறேன்.” அண்ணி எழுந்தார். கதவுப் பக்கம் போனவர் சுவரைப் பார்த்து நின்றுவிட்டார்.

சுவரில் வரிசையாகப் படங்கள். ‘இந்தக் காலாண்டின் சிறந்த வாடிக்கையாளர்’ என்று தலைப்பு. தரகர் சிரித்துக்கொண்டே சுவர்க் கடிகாரம் பரிசளிக்கிறார். கடைசி மூன்று படங்களிலும் கடிகாரம் வாங்குவது ஒரே ஆள். அடர்ந்த மீசை, ஒரே சட்டை.

“ஒரே வீட்டுக்கு மூணு கடிகாரமா சார்?” என்றேன். “மனுஷனுக்கு நேரம் நல்லாத்தான் இருக்கு.”

தரகரின் முகம் சுருங்கியது. அண்ணி மூக்கு படத்தில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். மீசைக்காரரின் சட்டைப் பையில் நீல நூலில் தைத்திருந்தது: ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி. அதற்குக் கீழே போன் நம்பரும்.

“நீங்க ஒண்ணும் சொல்லலை சார்,” என்றார் அண்ணி. “யார் கேட்டாலும் சத்தியம் பண்ணுவேன்.”

வெளியே வந்தபோது என் போன் அடித்தது. பாதுகாப்பு அதிகாரி. எதையும் பூட்டியே வைக்கிறவர் என்பதால் நான் அவருக்கு வைத்த பெயர் ‘பூட்டு’.

“மணி ஒண்ணு பத்து. இன்னும் கதவு தொறக்கல,” என்றார். “உங்களுக்கு அதிர்ஷ்டம். ஏதாவது கிடைச்சுதா?”

“பூதத்தோட விலாசம் கிடைச்சிருக்கு சார். கிணத்தைத்தான் வெட்டப் போறோம்.”

“பேச்சு மட்டும் குறையல,” என்று வைத்துவிட்டார்.

பயிற்சிப் பள்ளி ஒரு வீட்டின் முன்னறை. சுவரில் சாலைக் குறிகள் போட்ட அட்டை, மேஜைமேல் பிய்த்துப் போட்ட ஒரு ஸ்டியரிங், பக்கத்தில் டிக் டிக்கென்று மூன்று கடிகாரங்கள். மூன்றும் மூன்று நேரம் காட்டின. மீசைக்காரர் எங்களைப் புது மாணவர்கள் என்று நினைத்து எழுந்தார். பங்குச் சந்தை என்று அண்ணி ஆரம்பித்ததும் இன்னும் மலர்ந்தார்.

“என் குழுவுல நாலாயிரம் பேர் இருக்காங்கம்மா. நான் ‘வித்துடு’ன்னா விப்பாங்க, ‘வாங்கு’ன்னா வாங்குவாங்க. இதுவரைக்கும் கூடம் பங்குல ஒரு தடவைகூடத் தப்பினது இல்ல.”

“எப்படிச் சொல்றீங்க?”

“ஆராய்ச்சி.”

“என்ன ஆராய்ச்சி?”

“அதைச் சொல்லிட்டா அப்புறம் நான் எதுக்கு?” என்று சிரித்தார். பேசும்போதே இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை மேஜைமேல் இருந்த போனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அண்ணி கேள்விமேல் கேள்வியாகக் கேட்டார். மனிதர் கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் நான் சுவரை மேய்ந்தேன். சாலைக் குறிகளுக்கு நடுவே ஒரு குடும்பப் படம். மீசைக்காரர், பக்கத்தில் ஒரு நடுத்தர வயது அம்மாள், நடுவில் பட்டமளிப்பு அங்கியோடு ஓர் இளம் பெண். அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும். ஒன்பது நாளாக எங்கள் அலுவலகத்தில் கையைப் பிசைந்துகொண்டு நிற்பவள்.

“அண்ணி,” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

“அது என் அக்கா பொண்ணு,” என்றார் மீசைக்காரர் பெருமையாக. “கூடத்துலதான் பெரிய வேலை.”

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டுவிட்டது. காப்பாற்ற வேண்டியவளின் கழுத்துக்கு நாங்களே கயிறு திரித்துக் கொடுத்திருக்கிறோம். எண் அறைக்குள் இருந்தவள் மருமகள், வெளியே சம்பாதித்தவர் தாய்மாமன். இதைப் பூட்டு கேட்டால் புகாரில் கையெழுத்தோடு இனிப்பும் கொடுத்துவிடுவார்.

அண்ணி என்னை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்து கட்சிக்காரிக்கு போன் போட்டார். போன் என் காதுக்கும் கேட்கிற மாதிரி இருந்தது.

“உங்க தாய்மாமா பங்கு விக்கிறவர்னு ஏன் சொல்லலை?”

“மாமாவா? அவர் கார் ஓட்டக் கத்துக் கொடுக்கிறவர். ரெண்டு வருஷமா அந்த வீட்டுல யாரோடயும் நான் பேசறதில்லை, மேடம்.”

“ஏன்?”

“புருஷனை விட்டுட்டு வந்து நின்னப்ப அம்மா கதவைத் தொறந்துட்டு, ‘அனுசரிச்சுப் போ, திரும்பிப் போ’ன்னாங்க. அன்னைக்கே அம்மா நம்பரைத் தடுத்துட்டேன். சத்தியமா நான் யார்கிட்டயும் எதுவும் சொல்லல.”

அண்ணி போனை வைத்தார். அவர் முகத்தில் அத்தனை எரிச்சலை நான் பார்த்ததில்லை. அண்ணன் கல்யாண நாளை மறந்தபோதுகூட இவ்வளவு இல்லை.

“நான் அவளை நம்பறேன், தம்பி. ஆனா நம்பிக்கையை வச்சுக்கிட்டு என்ன பண்ண? முதலாளி மேஜையில போட முடியுமா?”

மூன்று மணிக்குப் பூட்டு மறுபடி கூப்பிட்டார். இன்னும் கதவு திறக்கவில்லையாம். கிடைத்தது என்று சொல்லவும் முடியாமல், கிடைக்கவில்லை என்று சொல்லவும் முடியாமல் “தேடறோம் சார்” என்றேன்.

“மணி மூணு. ஒரு மணிக்கு வர வேண்டியவங்க,” என்றார் அண்ணி தனக்குள். பிறகு விறுவிறுவென்று உள்ளே போனார். இந்தத் தடவை மீசைக்காரரைத் தாண்டி, பின்னறைக்கு.

அங்கே படத்தில் பார்த்த அம்மாள் உட்கார்ந்திருந்தார். துணி மடித்துக்கொண்டிருந்தார், ஆனால் கண் துணிமேல் இல்லை. எதிரே ஒரு டம்ளரில் சாய்த்து நிறுத்திய செல்போன். திரை மங்கப் போகும்போதெல்லாம் விரலால் ஒரு தட்டு. திரையில் ‘கூடம்’ தளத்தில் எங்கள் கட்சிக்காரியின் பக்கம். அவள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி. ஒருவர் கூடத்தைத் திறந்து வைத்திருக்கிறார் என்று ஊருக்கே காட்டுகிற புள்ளி.

“உங்க பொண்ணாம்மா?”

அம்மாள் திடுக்கிட்டார். “ஆமாம்மா. நீங்க அவ ஆபீசா? ஒரு மாசமா பகல் பூரா வீட்டுல இருக்கிறவ மாதிரி விட்டு விட்டுப் பச்சையா எரியுது. ஆபீஸ் நாள்ல அப்படி இருக்காது. உடம்பு கிடம்பு சரியில்லையா?”

“விட்டு விட்டு எரியறதைக்கூடப் பாப்பீங்களா?”

“வேற என்ன இருக்கு எனக்குப் பாக்க? போன் பண்ணா போகாது. இது ஒண்ணுதான். ஆறே முக்காலுக்கு எந்திரிப்பா. பதினொண்ணுக்குத் தூங்குவா. புள்ளி வந்துட்டா நல்லா இருக்கான்னு அர்த்தம்.”

சுவரில் தொங்கிய மாதக் காலண்டரில் ஒவ்வொரு கட்டத்திலும் பென்சிலில் இரண்டு நேரம் எழுதியிருந்தது. புரட்டினேன். அடியில் பழைய காலண்டர்களும். மொத்தம் இரண்டு வருடம்.

நான்கு செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் கூடுதலாக எழுதியிருந்தது. ஒன்றில் ‘பதினொண்ணுலேர்ந்து ஏழு வரை இல்லை’. இன்னொன்றில் ‘ஆறரை வரை இல்லை’. மூன்றாவதில் ‘பன்னிரண்டே முக்காலுக்கு வந்துட்டா’. நான்காவதில் ‘ஏழே கால் வரை இல்லை’.

“முதல் தடவை பயந்தே போயிட்டேன்,” என்றார் அம்மாள். “சாயங்காலம் வரைக்கும் புள்ளி வரலை. தம்பியை ஆபீஸ் வாசலுக்கே அனுப்பினேன். அவன்தான் அவளோட வேலை பாக்கிற மத்தவங்க பக்கத்தையும் பாத்துட்டு, ‘ஏழு பேருக்கும்தான் இல்ல, ஏதோ மீட்டிங்கு, விடு’ன்னான். அந்த வெள்ளிக்கிழமை அவ கம்பெனி பங்கு விலை விழுந்துச்சாம், அப்புறம் அவனே வந்து வந்து கேக்க ஆரம்பிச்சான், இன்னைக்கு எத்தனை மணிக்குப் புள்ளி வந்துச்சுன்னு.”

வாசலில் மீசைக்காரர் வந்து நின்றார். அண்ணி அவர் கையிலிருந்த போனைச் சுட்டினார். அதில் வரிசையாகக் கூடம் பக்கங்கள், எதிலும் பச்சைப் புள்ளி இல்லை.

“இதுதான் உங்க ஆராய்ச்சியா?”

மீசைக்காரர் போனை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

அண்ணி கட்சிக்காரிக்கு மறுபடி போன் போட்டார். “ஒரே கேள்வி. எண் நல்லா வந்தா அறைக்குள்ள என்ன நடக்கும்?”

“ஒரு தடவை பாத்துட்டுக் கை குலுக்கிட்டு வெளியே வந்துடுவோம்.”

“கெட்டதா வந்தா?”

“திரும்ப எண்ணச் சொல்லுவார். போலிக் கணக்குன்னு நாங்க நீக்கினதுல நல்ல ஆளுங்களும் போயிருப்பாங்கன்னு பிடிவாதம் பிடிப்பார். அதுக்குத்தான் நான் எழுந்து எழுந்து போவேன். நாலு தடவை, அஞ்சு தடவை. எத்தனை தடவை எண்ணினாலும் அதேதான் வரும்.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. யாரும் யாருக்கும் எதையும் சொல்லவில்லை. அறைக்குள் போகும்போது ஏழு பேரின் போனையும் வாங்கிப் பூட்டி வைக்கிறார் பூட்டு. ஏழு புள்ளியும் ஒரே நேரத்தில் அணைகிறது. சீக்கிரம் எரிந்தால் எண் நல்லது, தாமதமானால் கெட்டது. தராசு பிடிக்காத எடையைக் காட்டினால் இறங்கி இறங்கி ஏறிப் பார்ப்பார்களே, அந்த முதலாளிக்கும் அதே வியாதி. அந்த வியாதியைத் தெருவே பார்க்கிற மாதிரி அவர் கம்பெனியே விளக்குப் போட்டு வைத்திருக்கிறது.

அண்ணி அம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னார். சஸ்பெண்ட், புகார், போலீஸ். பிறகு, “இந்தக் காலண்டரும் வேணும். நடந்ததை உங்க கையால எழுதியும் தரணும்,” என்றார்.

“எழுதக் கூடாது,” என்றார் மீசைக்காரர். “பாக்கிறது குத்தமில்ல. ஆனா எழுதிக் கொடுத்தா நாலாயிரம் பேர் என்னைப் பாத்துச் சிரிப்பாங்க. அக்கா, நல்லாக் கேட்டுக்க. எழுதினா இந்த வீட்டுல உனக்கு இடம் இல்ல.”

அம்மாள் தம்பியை ஒரு தடவை பார்த்தார். மடித்த துணியை ஓரமாக வைத்தார்.

“பேனா இருக்கா, தம்பி?” என்று என்னிடம் கேட்டார்.

என் நம்பரையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டார். நாங்கள் கம்பெனிக்குப் போய்ச் சேரும்போது மணி நாலரை. அண்ணி போனில் வரச் சொல்லியிருந்தபடி, வாசலில் எங்கள் கட்சிக்காரி நின்றிருந்தாள். அண்ணி அவளைக் கீழே காத்திருக்கச் சொல்லிவிட்டுப் பூட்டின் அறைக்குள் போனார்.

“தாய்மாமன்னு கேள்விப்பட்டேன்,” என்றார் பூட்டு. படத்தால் மாட்டிக்கொண்ட தரகர் தப்பிக்க அதற்குள் முந்திக்கொண்டுவிட்டார் போல; மருமகள் பெருமையை மீசைக்காரர் அங்கேயும் அடித்திருப்பார். “கேஸ் முடிஞ்சுது, மேடம். அந்த அறையிலேர்ந்து ஒரு குண்டூசி வெளியே வராது. அந்தப் பொண்ணு வாயைத் தவிர வேற வழியே இல்ல.”

“அந்தப் பொண்ணு இன்னைக்கு அறைக்குள்ள இல்லையே?”

“இல்ல.”

“அப்ப இன்னைக்கு எண் என்னன்னு வெளியே யாருக்கும் தெரியாது.”

“தெரியவே தெரியாது.”

“இறங்கியிருக்கு,” என்றார் அண்ணி.

பூட்டின் கை மேஜைமேல் அப்படியே நின்றது. “யார் சொன்னா?”

“நீங்கதான். ஒண்ணு பத்துக்கு ஒரு தடவை, மூணு மணிக்கு ஒரு தடவை.” அண்ணி என் போனை வாங்கி அவர் முன்னால் வைத்தார். ஆறு பேரின் பக்கங்கள், ஆறிலும் புள்ளி இல்லை. “பதினொரு மணிக்கு ஆறும் ஒண்ணா அணைஞ்சிருக்கு. இதுவரைக்கும் எரியலை. நல்ல எண்ணுக்கு ரெண்டு மணி நேரம் போதும். இப்ப எத்தனாவது தடவை எண்ணிக்கிட்டு இருக்காங்க, சார்?”

பூட்டு கடிகாரத்தைப் பார்த்தார். “நாலாவது,” என்றார்.

“பூனை கண்ணை மூடிக்கிட்டு உலகமே இருண்டு போச்சுன்னு நினைக்குமாம். உங்க ஆறு பூனையும் ஒரே நேரத்துல கண்ணை மூடுதுங்க.”

“அவங்க இன்னும் வெளியே வராததாலதான் நாங்க நேரத்துக்கு வந்து சேர்ந்தோம்,” என்றேன். “எண் நல்லா இருந்திருந்தா அந்தப் பொண்ணு மத்தியானமே மாட்டியிருப்பா.”

கதவு திறந்தபோது மணி ஐந்தே முக்கால். முதலாளி சிவந்த கண்ணோடு வந்தார். காலண்டரைப் புரட்டினார், அம்மாள் எழுதியதைப் படித்தார்.

“இதுல எங்க எண் எங்கேயுமே இல்லையே?”

“எண் இல்ல சார். உங்க பிடிவாதம் இருக்கு, மணிக் கணக்கோட,” என்றார் அண்ணி.

அவர் காலண்டரை மூடினார். புகாரைக் கிழித்துக் கூடையில் போட்டார். நான் மூச்சு விட்டேன், அவசரப்பட்டுவிட்டேன். திரும்பத் திரும்ப எண்ணுகிறார்கள் என்பது வெளியே தெரியக் கூடாதாம், தெரிந்தால் அதற்கே விலை விழுமாம். அதனால் காரணம் ‘தொழில்நுட்பக் கோளாறு’ என்று போடுவார்களாம். அவளுக்கு நாளைக்கே வேலை உண்டு, ஆனால் வேறு பிரிவில். எண் அறைப் பக்கம் வரக் கூடாது.

“ஒரு மன்னிப்பு?” என்றார் அண்ணி.

“சட்டப் பிரிவு ஒத்துக்காது, மேடம்.” பிறகு பூட்டைப் பார்த்து, “நம்ம ஆட்கள் எல்லாருக்கும் அந்தப் புள்ளியை இப்பவே நிறுத்தச் சொல்லுங்க,” என்றார்.

படியிறங்கும்போது அண்ணி வாய்க்குள் திட்டிக்கொண்டே வந்தார். ஒன்பது நாள் உழைத்து ஒரு பொய்க்குக் காவல் நிற்கிறோம். வாசலில் கட்சிக்காரியிடம் விவரம் சொன்னோம். வேலை இருக்கிறது, போலீஸ் இல்லை என்று கேட்டுவிட்டு அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். காலண்டரைப் பற்றி, அம்மா கையெழுத்தைப் பற்றி, மாமா போட்ட நிபந்தனையைப் பற்றி அண்ணி சொன்னபோது அவள் முகம் இறுகியது.

“அவங்க மாமாகிட்ட உளறலைன்னா இதெல்லாம் வந்தே இருக்காது,” என்றாள்.

“நம்பரைத் தடுத்தே. கூடத்துல ஏன் தடுக்கலை?”

“மறந்துட்டேன்.”

“ரெண்டு வருஷமா?”

அவள் வேறு பக்கம் பார்த்தாள். என் போன் அடித்தது, தெரியாத நம்பர்.

“தம்பி, நான்தான் அவ அம்மா.” பின்னால் பஸ் ஹாரனும் இரைச்சலும். “புள்ளி போயிடுச்சு தம்பி. இப்ப வரைக்கும் இருந்துச்சு, சட்டுனு காணோம். அவளைப் போலீஸ் பிடிச்சிட்டாங்களா? யாரைக் கேக்கிறதுன்னு தெரியலை. இனிமே எப்படித் தெரிஞ்சுக்கறது?”

ஒரு கதையைக் காப்பாற்றப் புள்ளியை அணைத்தார்கள், அதில் இந்த அம்மாளின் ஒரே வெளிச்சமும் போய்விட்டது. போனை மகளிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை. அம்மாளின் குரல் போனில் “தம்பி, தம்பி” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. அண்ணி போனை என் கையிலிருந்து எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்.

அவள் காதில் வைத்தாள். நெடுநேரம் கேட்டாள்.

“என்ன சத்தம் அது? எங்க நிக்கிற?” என்றாள் கோபமாக. “மாமா வெளியே அனுப்பிட்டாரா?”

அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ தெரியாது. அவள் ஏற்கெனவே சாலையில் இறங்கி, வந்த பஸ்ஸுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தாள்.

“நகராதம்மா. அங்கேயே நில்லு, நான் வர்றேன்.”

பஸ் கிளம்பும்போதும் என் போன் அவள் காதிலேயே இருந்தது. திருப்பிக் கேட்கலாமா என்று அண்ணியைப் பார்த்தேன். வேண்டாம் என்று தலையாட்டினார்.